பக்கத்துக் கடை வாசல்

அன்புள்ள நானா,

மூடிக் கிடக்கும் உங்கள் கடை வாசலில் போன வாரம் ஒருநாள் காலை ஒரு பை கிடந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே மீன் செதில் நாற்றம் மூக்கைத் துளைத்தது. உங்கள் நினைவு எனக்கு ஊதுபத்தி வாசத்தில் வந்திருக்கக் கூடாதா? இந்த நாற்றத்திலா வரவேண்டும்! "எவன்டா இதைக் கொண்டாந்து வச்சது?" என்று ரோட்டில் நின்று கத்தினேன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நம் கண்டியில் ஒரு கடை நாலு நாள் மூடியிருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? முதல் பை வந்தால் போதும், பின்னால் ஊரே கொண்டுவந்து கொட்டும். நீங்கள் போனதிலிருந்து திகனையில் உங்கள் வீட்டம்மா இத்தா இருக்கிறார், அந்த நாலு மாதம் பத்து நாள் துக்கம் முடியும்வரை வெளியே வரமாட்டார். கடையைத் திறப்பதா கொடுப்பதா என்று மகன் இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரை உங்கள் வாசல் குப்பைமேடாகிவிடக் கூடாதே என்பதுதான் எனக்கு ஒரே கவலை. அந்த வாசலுக்காகச் சண்டை பிடித்தவர்கள் அல்லவா நாம்.

இறந்துபோனீர்கள் என்பதற்காக உங்களை ரொம்ப நல்லவராக்கி எழுத மாட்டேன். செருப்புப் பெட்டித் தாளையெல்லாம் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் தள்ளிய ஆள்தானே நீங்களும்? மச்சானோடு ஜப்பானுக்குப் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தீர்கள். வந்ததும் விளக்குமாற்றைத் தூக்கினீர்கள். உங்கள் வாசலோடு நிற்காமல் என் வாசலையும் சேர்த்துக் கூட்டினீர்கள். நீங்கள் தங்கியிருந்த தெருவில் கடைக்காரர்கள் அப்படித்தான் பக்கத்துக் கடை வாசலையும் கொஞ்சம் கூட்டிவிடுவார்களாம். ரோட்டு ஏற்றத்தில் இருக்கும் மேல்கடைச் சிங்கள முதலாளி உங்களுக்கு "ஜப்பான் மாத்தயா", அதாவது ஜப்பான் ஐயா, என்று பெயர் வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"அது ஜப்பான், நானா. அங்க ஆளுங்க வேற."

"ஆள் வேறயில்ல தம்பி. அங்க ஒரு மாசம் ஒரு துண்டுத் தாள் கீழ போடல்ல நான். கட்டுநாயக்க ஏர்போட்டுல எறங்கி வேன்ல ஏறின ஒடனே டொஃபித் தாளை ஜன்னலால வீசினேன். அதே கைதானே இது?"

பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. பள்ளிவாசலில் அந்தி நேர மஃரிப் தொழுதுவிட்டு வந்துதான் நீங்கள் கூட்டத் தொடங்குவீர்கள். அந்நேரம் என் கடையில் விளக்கு வைத்தாகியிருக்கும். விளக்கு வைத்த பிறகு வாசலைக் கூட்டினால் லட்சுமி வெளியே போய்விடுவாள் என்பது எங்கள் வழக்கம். வியாபாரம் படுத்துக்கிடந்த காலம் வேறு. ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"நானா, நீங்க கூட்டித் தள்ளுறது குப்பைய இல்ல, என் லட்சுமிய!"

நான் சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் சொல்வேன். மறுநாளிலிருந்து உங்கள் விளக்குமாறு உங்கள் எல்லையோடு நின்றது. உங்கள் பக்கம் பளிச்சென்று இருக்க, என் பக்கம் பஸ் டிக்கெட்டும் வாழைப்பழத் தோலும். வருகிறவர்களெல்லாம் உங்கள் பக்கமாகவே நடந்தார்கள். எனக்கு எரிந்தது, ஆனால் ரோஷம் விடவில்லை. கடைசியில் நீங்கள்தான் வந்தீர்கள்.

"தம்பி, வெளக்கு வெக்க முந்திக் கூட்டினா அவங்களுக்குப் பிரச்சினையா?"

"யாருக்கு?"

"ஒங்கட லச்சுமிக்குத்தான்."

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அதன்பிறகு பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்ல முன்பே கூட்டி முடிப்பீர்கள். நீங்கள் பள்ளிக்குப் போக, நான் விளக்கேற்றுவேன். உங்களுக்கு நேரம் சுணங்கிய நாட்களில் என் விளக்கும் கொஞ்சம் பொறுத்துக்கொண்டது.

அந்த மீன் பையை நான்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு எடுத்துப் போட்டேன். அன்றிலிருந்து மாலையானால் இரண்டு வாசலையும் நானே கூட்டினேன். அந்த நேரம் பார்த்துக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். படுக்கையில் கிடந்தபோதும் உங்கள் வாசல்தான் கண்ணுக்குள் நின்றது. போச்சு, இந்நேரம் மலைபோல் குவித்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

இன்று காலை பயந்து பயந்துதான் வந்தேன். உங்கள் வாசலில் ஒரு தாள் இல்லை. என் வாசலிலும் இல்லை. மேல்கடை முதலாளி தன் கதவடியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கூட்டினது," என்றார் அவருடைய தமிழில். "வெளக்கு வைக்க முந்தி. பயம் வேணாம்."

என் கடை பூட்டிக் கிடந்தது, நானா. அங்கே விளக்கே எரியவில்லை. அப்படியிருந்தும் அந்த மனிதர் நேரம் பார்த்துக் கூட்டியிருக்கிறார்! எனக்கு அழுகை வந்துவிட்டது. இதை உடனே உங்களிடம் சொல்லவேண்டும் போலிருந்தது, சொல்ல நீங்கள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று மாலை விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்கு ஏறப்போகிறேன். எந்த நேரத்தில் கூட்டினால் அவருக்கு ஆகாது என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.