தெருவதிகாரியின் வீட்டுக்குள் போன அரசவீதி

நாரைக்கொடியின் நிழலில் மழை தவறாதிருக்க. வெண்கோட்டு நாட்டை ஆளும் இளவேய்மாதேவியார், முத்துவாய்ப் பட்டினத்துத் தலைவர் மாறன் அரையருக்கு விடுக்கும் திருவோலை. உம் துறையில் கலங்களும் உம் வீட்டில் விருந்தினரும் குறையாதிருப்பாராக.

பட்டினம் மதிலுக்கு வெளியே வளர்கிறது என்றும், தெருவதிகாரி நம்பிவேளார் தலைநகர்ப் புறத்தில் வகுத்த தெருக்களைப் போலவே அங்கும் வகுக்க அவருடைய வரைபடம் வேண்டும் என்றும் கேட்டிருந்தீர். நடந்ததை முதலில் அறிக.

மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் பின்னிய பாயைப் போன்றது. எந்தத் தெருவில் புகுந்தாலும் இன்னொரு தெருவில் வெளிவரலாம். வெளியிலோ, அமைதியை விரும்பிய நம்பிவேளார் ஒவ்வொரு தெருவின் கடைசியையும் அடைத்தே முடித்தார். அயலார் வண்டி வராது, குழந்தைகள் நன்றாக உறங்குவர் என்றார், கேட்டவரெல்லாம் மகிழ்ந்தனர். புறநகர் வயல்களைத் தாண்டிக் கரும்புக்கொல்லை வரை பரந்தது. இப்போது பின்சுவருக்கு அப்பாலிருந்து மீன் வறுக்கும் மணம் வருகிறது, ஆனால் அந்த வீட்டுக்குப் போக வண்டி பூட்ட வேண்டியிருக்கிறது. அவ்வண்டிகள் எல்லாம் ஒரே பெருவழியில் வந்து சேர்ந்து, வெயில் ஏறும்வரை நகராமல் நிற்கின்றன.

புகழ்பெற்ற அந்த அமைதியைக் காண அரசியார் எழுந்தருளினார். அரச பல்லக்கு வந்த வழியே திரும்பாது என்பதும், அது கடந்த இடம் அன்றே அரசவீதி ஆகும் என்பதும் நம் மரபு. பழைய நகரத்தில் இம்மரபு யாரையும் வருத்தியதில்லை. ஆதலால் நம்பிவேளாருக்கு அது நினைவில் இல்லை. தெருவின் கடைசியில் பல்லக்கு நின்றது. எதிரே, அமைதி மிகுந்த இடமெனத் தேர்ந்து அவர் தமக்கே கட்டிக்கொண்ட வீடு. சுண்ணாம்பு இன்னும் காயவில்லை.

முகம் வெளிறிய நம்பிவேளார், இம்முறை மட்டும் மரபைத் தளர்த்தலாகாதா என்று பணிந்து வேண்டினார். தளர்த்தலாம், ஆயின் வீட்டின் பின்னே என்ன உள்ளது என அரசியார் வினவினார். அவர் வாய் திறக்குமுன் அவருடைய மனைவியார் செங்கமலியார் அடுக்களையிலிருந்து கூவியது, கூவியபடியே எழுதப்படுகிறது:

"இடிங்க தாயே! பின்னாடி தெருவுலதான் எங்க அக்கா இருக்கா. மூஞ்சியப் பார்த்து மாசக்கணக்காச்சு. அடுப்புல பால் இருக்கு, பல்லக்குக்காரங்களை மட்டும் பார்த்து வரச் சொல்லுங்க!"

நம்பிவேளார் வீட்டைப் பார்த்தார், அடுக்களையைப் பார்த்தார். பிறகு கடப்பாரையைத் தாமே எடுத்தார். பல்லக்கு கூடத்தில் நுழைந்து, பாலைச் சுற்றிச் சென்று, பின்சுவரின் வழியே தமக்கையார் முற்றத்தில் இறங்கியது. அரசியாருக்கு அங்கே வறுத்த மீன் கிடைத்தது. அன்றுமுதல் அவ்வீடு இருபுறம் அறையும் நடுவே அரசவீதியுமாக உள்ளது; மாடுகளும் அவ்வழியே போகின்றன.

ஆகவே ஆணை: வரைபடம் வராது, வரைந்தவரே வருகிறார். அவர் எங்கெல்லாம் சுவர் எழுப்ப எண்ணியிருந்தாரோ அங்கெல்லாம் வழி திறப்பாராக. அவருக்கு உம் பட்டினத்தில் சந்தடி மிகுந்த நாற்சந்தியில் இடம் தருக. அக்காளை விட்டு வரமாட்டேன் என்று செங்கமலியார் மறுத்துவிட்டதால், பணி முடிந்ததும் நம்பிவேளாரைத் தாமதமின்றித் திருப்பி அனுப்புக. தம் வீட்டுக்கு அவர் வழி கேட்க வேண்டியதில்லை. இப்போது எல்லாத் தெருக்களும் அதன் வழியாகவே போகின்றன.

நாரை முத்திரை இடப்பட்டது.