மாடியில் நின்ற பன்னிரண்டு பேர்

அம்மாவுக்குக் கும்பிட்டு எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா? எனக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. நோய்க்குப் பயந்து தையல் கம்பெனியை மூடி நாற்பது நாளாகிறது. எங்கள் விடுதி கேட்டையும் வெளியே பூட்டிவிட்டார்கள். தினமும் பத்துத் தடவையாவது போய் அந்தப் பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். வேறென்ன வேலை?

போன வாரம் ஒரு கூத்து. சுகாதார அதிகாரிகள் அறையைப் பார்க்க வந்தார்கள். எட்டுப் பேர் இருக்க வேண்டிய அறையில் நாங்கள் இருபது பேர். சூப்பர்வைசர் முன்னாடியே ஓடி வந்தார். "பன்னெண்டு பேர் மொட்டைமாடிக்குப் போங்கப்பா. சத்தம் வரக் கூடாது, பத்து நிமிஷந்தான்." நான்தான் முதல் ஆளாகக் கிளம்பினேன். கொஞ்சம் காற்று வாங்கலாமே என்றுதான். மேலே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அன்று கீழே எடுத்த கணக்கை வைத்துத்தான், ஊருக்கு அனுப்ப நேற்று பஸ் வந்தது. எட்டுப் பேர் ஏறினார்கள்.

"உங்க பேரு லிஸ்ட்லயே இல்லையே" என்றார் அதிகாரி.

"சார், இதோ முன்னால நிக்கிறேனே!"

சூப்பர்வைசர் பஸ் கதவைச் சாத்தப் போய்விட்டார்.

கவலைப்படாதீர்கள், இன்னொரு பஸ் வருமாம். அந்த லிஸ்டில் பேர் சேர்க்க ஏதாவது அட்டை காட்ட வேண்டுமாம். என் அடையாள அட்டை கம்பெனி பீரோவுக்குள் இருக்கிறது. அதனால் நம் ரேஷன் கார்டை ஒரு நகல் எடுத்து அனுப்புங்கள். தண்ணீர் லாரிக்காரர் கிளம்புகிறார், கேட் இடுக்கு வழியாக இதை அவரிடம் கொடுக்க வேண்டும். ஊரில் இல்லாதவன் என்று கார்டில் என் பெயரை அடிக்க யாராவது வந்தால் விடாதீர்கள் அம்மா. அது ஒன்றில்தான் நான் இருக்கிறேன்.

உங்கள் மூத்தவன்