வாரேன் என்று சொல்லிவிட்டேன்

ஐப்பசி, திங்கள்

காலையிலிருந்து தூறல். கோழிப்பண்ணை வாடை மேலே போகாமல் கீழேயே நிற்கிறது. மூட்டு வீக்கம் கொஞ்சம் பரவாயில்லை.

எனக்கு எழுத்துத் தெரியாது. மைக் படத்தை அழுத்திப் பேசினால் போனே எழுதிக்கொள்கிறது. மருமகள் காட்டிக்கொடுத்தாள். பேசுவது என்னவென்று அவளுக்குத் தெரியாது.

சேந்தமங்கலம் ராமசாமி போய் ஒரு மாதம் ஆகப்போகிறது. அந்தக் காலத்தில் ஒரே லாரியில் இரண்டு பேரும். அவன் ஓட்ட நான் தூங்க, நான் ஓட்ட அவன் தூங்க. எழவுக்கும் போகவில்லை, காரியத்துக்கும் போகவில்லை. கால் விடவில்லை.

மகன் குமார் சொன்னான். "வீடியோ கால்ல பேசிருங்கப்பா. மூஞ்சியப் பாத்த மாதிரியும் ஆச்சு, துக்கம் கேட்ட மாதிரியும் ஆச்சு."

"துக்கத்தப் போன்ல கேப்பாங்களாடா?"

"கல்யாணத்துக்கே போன்லதான் கூப்புடறாங்க. நீங்க வேற."

போட்டுக் கொடுத்தான். ராமசாமி பெண்டாட்டி செல்லம்மா. போனை எப்படிப் பிடித்தாளோ, நெற்றி மட்டும் தெரிந்தது. பொட்டில்லாத நெற்றி. மேலே ஃபேன் சுற்றுகிறது.

"சாப்டியா அம்மிணி?"

"ஆச்சுங்ணா."

அப்புறம் பேச்சில்லை. பேச்சில்லை என்றால் போனில் பயமாக இருக்கிறது.

"கேக்குதா?"

"கேக்குதுங்ணா."

"பையன்?"

"போர் போடற ரிக் வண்டிக்குத் திரும்பப் போய்ட்டானுங்ணா. வடக்க. மலைப்பாதையாம்."

மறுபடி ஃபேன். மறுபடி கேக்குதா. கடைசியில், "செரி அம்மிணி, வாரேன்." குமார் சிவப்பை அழுத்திவிட்டான்.

அப்புறம்தான் உறைத்தது. துக்க வீட்டில் வாரேன் சொல்வார்களா? வாரேன் என்றால் இன்னொரு துக்கத்துக்கு வாரேன் என்று ஆகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எத்தனை எழவு வீடு பார்த்திருப்பேன், ஒருமுறை தவறியதில்லை. அங்கே கால் அதுவாக எழுந்துகொள்ளும். போனில் எதை விட்டு எழுந்திருப்பது?

அவளுக்கு மிச்சம் அந்தப் பையன் ஒருவன். அவனும் மலைப்பாதையில்.

செவ்வாய்

வெயில் இல்லை, மழையும் இல்லை. சோறு இறங்கவில்லை.

குமார்: "இன்னொருக்கா போட்டு, தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க. முடிஞ்சுது."

அதை எப்படிச் சொல்வது? அவள் நினைக்காததை நானே நினைக்க வைத்ததாக ஆகாதா? சொல்லி முடித்து, போனை வைக்கும்போது என்ன சொல்ல? மருமகள் வாய்ஸ் அனுப்பச் சொன்னாள். பேசிப் பார்த்தேன். அழித்துவிட்டேன். திரும்பக் கேட்டால் யாரோ கடைக்காரன் பேசுகிற மாதிரி.

இன்று செவ்வாய், துக்கம் கேட்கப் போகிற நாள் இல்லை.

மதியம் கண் அசந்தது. போனுக்குள் ராமசாமி. லாரிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறான். எங்கும் பஞ்சு மாதிரி மேகம். லாரிக்குக் கீழே ரோடு இல்லை, அதைப் பற்றி அவனுக்குக் கவலையும் இல்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. "கேக்கலடா" என்கிறேன். சிரிக்கிறான். கண்ணாடியை இறக்கச் சொல்லிக் கை காட்டுகிறான். விரலால் தடவுகிறேன், தடவுகிறேன், கண்ணாடி இறங்கவே இல்லை. விழித்தபோது விரல் தலையணை மேல்.

புதன்

மருமகள், "காலு வீங்குனா என்னையச் சொல்லக் கூடாது" என்றாள். குமார் பஸ் ஏற்றிவிட்டான். நாமக்கல்லில் சேந்தமங்கலம் பஸ்ஸுக்கு மாறினேன்.

முன் சீட்டில் ஒருத்தி போனில். "சண்டைன்னா நான் போன்லயே போட்டுக்குவேன்டி. நேர்ல அவ மூஞ்சியப் பாத்தா எனக்குச் சிரிப்பு வந்துருது." பஸ்ஸே சிரித்தது.

கொல்லிமலை பாதிக்கு மேல் இல்லை. மேகம் எடுத்துக்கொண்டது. அந்த மேகத்தை எங்கோ பார்த்த மாதிரி.

செல்லம்மா வாசலிலேயே இருந்தாள். துக்க வீட்டில் வாங்க என்று கேட்க மாட்டார்கள். அவளும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும்.

அழுது முடித்து, "நேத்தெல்லாம் ரோட்டையே பாத்துட்டு இருந்தனுங்ணா" என்றாள்.

"எதுக்கு அம்மிணி?"

"வாரேன்னு சொன்னீங்கல்ல?"

"அது... தப்பா நெனைக்கலியா?"

"என்னத்தத் தப்பா நெனைக்கிறது? போன்ல பேசறவங்க எல்லாரும் வெச்சர்றேன், வெச்சர்றேன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தருதான் வாரேன்னீங்க."

பையன் காலையில் பேசினானாம். வண்டி மலை இறங்கிவிட்டதாம்.

சோறு போட்டாள். அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை. கேக்குதா என்று யாரும் கேட்கவில்லை. ரோட்டில் முட்டை வண்டி போகிற சத்தம். அவள் சுவரில் சாய்ந்தாள், கண் சொருகியது. இவர் போனதிலிருந்து தூக்கமே கிடையாது என்று சாப்பிடும்போது சொன்னாள்.

பஸ்ஸுக்கு நேரமாகிறது. எழுந்தால் நான் உட்கார்ந்திருக்கும் கட்டில் சத்தம் போடும்.

மெதுவாகத்தான் பேசுகிறேன். போன் எழுதுகிறதோ என்னவோ. தூங்குகிறாள்.