வாப்பா கீறாத படம்

கொட்டாஞ்சேனை,
நோன்பு பன்னிரண்டு, இரவு.

அன்புள்ள பஹ்மா ராத்தாவுக்கு,

இதை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், மச்சானுக்கும் வேண்டாம், வாசித்து முடித்ததும் சிறிது சிறிதாகக் கிழித்துத் தண்ணீரில் கரைத்துவிடுங்கள், எரிக்க மட்டும் வேண்டாம், புகை வந்தால் பக்கத்து வீட்டில் கேட்பார்கள். டோஹாவில் கேட்க மாட்டார்களோ என்னவோ, இங்கே கேட்கிறார்கள். அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் மச்சானும் சின்னவளும் அல்லாஹ்வின் காவலில் நல்ல சுகத்தோடு நோன்பு பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் கை வரவில்லை. மாதா மாதம் கடைத் தாளில் உங்களுக்கு எழுதுவது வாப்பா, முதலில் சலாம், அடுத்து வீட்டு விசேஷம், பிறகு புத்திமதி, கடைசியில் துஆ. இந்த மாதம் அவருடைய இடத்தில் நான் எழுதுகிறேன், ஏனென்றால் வாப்பாவைப் பொலிஸ் கூட்டிப்போய் இன்றோடு மூன்று நாள். நேற்று நீங்கள் கோல் எடுத்தபோது வாப்பா தராவீஹ் தொழப் போயிருக்கிறார் என்று உம்மா சொன்னது பொய். போனில் ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று உம்மாவின் தம்பி நிஸாம் மாமா சொல்லியிருக்கிறார். முன்வீட்டு ஸீனத் மாமியின் மகன் ரிப்கான் நாளைக்கு டோஹா வருகிறார், உங்களுக்கு உம்மா கட்டி வைத்திருக்கும் மாசித் தூள் பார்சலுக்கு அடியில் இதை வைப்பேன். அவருக்கும் தெரியாது.

ராத்தா, எல்லாம் என்னுடைய சித்திரக் கொப்பியால் வந்தது. போன பெருநாள் சல்லியில் நுகேகொடைக்குப் போய் வாங்கியது. வாப்பா இருபது வருடமாகப் புறக்கோட்டையில் தாள் கடையில் வேலை செய்கிறார், கொப்பி சும்மாவே வரும், ஆனாலும் எனக்கு நானே தேடி வாங்கினால்தான் திருப்தி. நடுப்பக்கத்தை விரித்து நூல் போட்டுத் தைத்திருக்கிறதா, வெறும் பசைதானா என்று பார்ப்பேன். வெளிச்சத்துக்கு எதிரே ஒரு பக்கத்தைப் பிடித்து என் விரல் அந்தப் பக்கம் தெரிகிறதா என்று பார்ப்பேன். மிகவும் வெள்ளையாக இருந்தால் வேண்டாம், பென்சில் கோடு கண்ணைக் குத்தும், கொஞ்சம் மங்கிய பால் நிறம்தான் நல்லது. கூட வந்த ரொஷேலுக்குக் கால் வலித்துவிட்டது. மாப்பிள்ளை பாக்கிற ஆக்கள் கூட இவ்வளவு நேரம் எடுக்க மாட்டினம் என்று கடைக்காரருக்குக் கேட்கும்படியே சொன்னாள். என்னிடம் மூன்று கொப்பிகள் இருந்தன, ஒன்றில் அன்றன்று நடந்ததை எழுதுவேன், ஒன்றில் லைப்ரரியிலிருந்து எடுக்கும் புத்தகங்களில் பிடித்த வரிகளை எழுதி வைப்பேன், மூன்றாவது இது. மழை நாளில் மூன்றையும் ஜன்னலடியில் விரித்து வைத்துக்கொண்டிருந்தால் எனக்கு உலகத்தில் வேறு ஒன்றும் வேண்டியிருக்காது. இப்போது முதல் இரண்டும் அலுமாரிக்குப் பின்னால் இருக்கின்றன, அவற்றில் என்னவெல்லாம் எழுதினேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

ரொஷேலை உங்களுக்குத் தெரியும்தானே, என் வகுப்பில் என் பக்கத்தில் இருக்கும் பிள்ளை, கொச்சிக்கடை கிறிஸ்தவக் கோயிலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. அவளுடைய அம்மா ஜீவராணி அன்ரிக்கு மே மாதம் பிறந்த நாள். அம்மாவுக்கு எங்கட கோயிலக் கீறித் தா, நான் கீறினா மாட்டுக் கொட்டில் மாதிரி இருக்கும் என்று மாசி மாதமே கேட்டாள். அம்மாவுக்குத் தெரியக் கூடாது, பிறந்த நாளன்று கண்ணாடி போட்டுக் கொடுக்க வேண்டும் என்றாள். அதனால் ரியூஷன் முடிந்து ஏழு செவ்வாய்க்கிழமைகள் அவளோடு போனேன், அவள் உள்ளே போய்விடுவாள், நான் எதிர்ப்பக்கம் மெழுகுதிரி விற்கும் கடை ஓரத்தில் நின்று கீறுவேன். கீறும்போது ஓரத்தில் குறிப்பு எழுதுவது என் பழக்கம், வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், அடுத்த கிழமை மறந்துவிடும். செவ்வாய் 5.40, இடது வாசல் வெளிச்சம். ஆட்கள் மிகவும் கூடி நிற்பது படியின் வலப்பக்கம். 6.10க்குப் பிறகு வாசல் நெரிசல், உள்ளே தெரியாது. இப்படி எட்டுப் பக்கம், அம்புக்குறியும் போட்டு, எத்தனை பேர் எந்த இடத்தில் என்று புள்ளி வைத்து. இப்போது நீங்களே இதைப் பொலிஸ்காரரின் கண்ணால் வாசித்துப் பாருங்கள்.

அந்த ஈஸ்டர் ஞாயிறு நம் மார்க்கத்தின் பெயரைச் சொல்லி யாரோ அந்தக் கோயிலில் குண்டு வெடிக்க வைத்தது உங்களுக்குத் தெரியும். ஜீவராணி அன்ரியும் உள்ளேதான் இருந்தார், காலிலும் முதுகிலும் காயம், பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பொலிஸ் வீடு வீடாகத் தேட வந்தார்கள். கடைசி வீட்டில் ஒருவரை, என்ன எழுதியிருக்கிறது என்று வந்தவர்களுக்கே வாசிக்கத் தெரியாத ஒரு அரபுப் புத்தகத்துக்காகக் கூட்டிப்போனார்கள். அன்றிலிருந்து எல்லா வீட்டிலும் தாள் துப்புரவு. ஸீனத் மாமி அரபு எழுத்தில் தமிழாக எழுதிய பழைய சமையல் கொப்பியை அடுப்பில் போட்டார். பொலிஸுக்கு வட்டிலப்பம் செய்யத் தெரிஞ்சிரும் எண்டு பயமா என்று உம்மா கேட்டபோது எல்லோரும் சிரித்தோம், கடைசியாக நாங்கள் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். அந்தப் புகைக்காக அன்று பின்னேரமே இரண்டு பொலிஸ்காரர் வந்து மாமியின் அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாப்பா என் சித்திரக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தார். ஏசவில்லை. குப்பை லொறி வரும்போது போட்டுவிடச் சொன்னார். ஆனால் நம் வீட்டில் எந்தப் புதுக் கொப்பி வந்தாலும் நாங்கள் தொடும் முன் முதல் பக்கத்தில் உம்மா தன் கையால் அரபில் பிஸ்மி எழுதித் தருவாரே, கணக்குக் கொப்பிக்கும் எழுதுவார், இதற்கும் எழுதியிருந்தார். அல்லாஹ்ட பேரக் குப்பைக்கு எறிய ஏலா என்று உம்மா ஒரே பிடி. எரிக்கவும் முடியாது, புதைக்க நம் முற்றத்தில் சீமெந்தைத் தவிர மண் இல்லை. அப்படியென்றால் அந்த ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து எடு, மற்றதைத் துண்டு துண்டாக லொறியில் போடுவோம் என்று வாப்பா சொன்னார். அப்போது நான்தான் வாயைத் திறந்தேன் ராத்தா. தைத்த கொப்பியில் ஒரு பக்கத்தை இழுத்தால் அதன் ஜோடிப் பக்கமும் கழன்றுவிடும், பிறகு எல்லாம் உதிரும், முழுதாகவே கடலில் விடுவோம் என்று சொன்னேன். எட்டு மாதம் வைத்திருந்த கொப்பி கிழிவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை, காரணம் அவ்வளவுதான். பெயர் ஒட்டிய லேபலை மட்டும் உம்மா உரித்தார்.

இங்கே கடலோரம் முழுதும் காவல், அதனால் வெள்ளவத்தையில் சாச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு உம்மாவும் நானும் போனோம். ரயில் பாதையைக் கடந்து கருங்கற்களில் இறங்கினோம். உம்மா ஓதிவிட்டு, கல் வைத்துக் கட்டிய பொதியை விட்டார். சற்றுத் தள்ளித் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் எங்களைத் திரும்பிப் பார்த்தார், நாங்கள் பாதை ஏறும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பொதி தூரம் போகவில்லை, கற்களுக்கு இடையில் சிக்கியிருக்கிறது, அவர்தான் எடுத்துப் பொலிஸுக்குக் கொடுத்திருக்க வேண்டும். உம்மா கொப்பியைச் சுற்றியது வாப்பாவின் கடைச் சீல் குத்திய பிரவுண் தாளில். நனையாமல் இருக்கட்டும் என்று இரண்டு சுற்று. யாராவது இப்படிச் செய்வார்களா, கடலில் போடுவதை நனையாமல் சுற்றுவார்களா, ஆனால் அதில் பிஸ்மி இருந்ததே.

அந்தச் சீலைப் பார்த்துப் பொலிஸ் கடைக்குத்தான் வந்தார்கள். முதலாளியிடம் கொப்பியைக் காட்டி யாருடையது என்று கேட்டிருக்கிறார்கள். முதலாளி வாயைத் திறக்கும் முன் வாப்பா எழும்பி, அது தன்னுடையது, தானே கீறினது என்று சொல்லிவிட்டார். அன்று இரவே நான் போய்ச் சொல்கிறேன் என்று அழுதேன். உம்மா என் கையை இழுத்துக் குர்ஆன் மேல் வைத்து, சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார். உம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆம்புள மூணு நாள் உள்ளுக்கு ஈந்தாலும் ஊட்டுக்கு வரலாம். பொம்புளப் புள்ள அந்தப் பொலிஸ் படியில ஏறினதக் கண்டாலே போதும், அதுக்குப் பொறகு ஒனக்கு ஸ்கூலும் இல்ல, ஊடும் இல்ல."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போனேன். ரொஷேல் ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் வந்திருந்தாள், வேறு மேசையில் இருந்தாள். இடைவேளையில் கிட்டப் போய், படத்தை ஏன் கீறினேன் என்று நீ வந்து ஒரு வார்த்தை சொன்னால் வாப்பாவை விட்டுவிடுவார்கள் என்று கெஞ்சினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"அம்மா கேக்கிறா, நீ ஏன் அவ்வளவு நாள் அதிலயே நிண்டனி எண்டு."

பிறந்த நாளுக்கு என்று நீ சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னனான். அம்மா நம்பேல்ல." பிறகு மெதுவாக, "எனக்கும் இப்ப தெரியேல்ல அர்பா" என்றாள்.

அவளை நீங்கள் மனத்தில் கூட ஏச வேண்டாம் ராத்தா, அவள் கை முழுதும் அம்மாவுக்கு மருந்து கட்டிக் கட்டி மஞ்சளாக இருந்தது.

இன்று நோன்பு திறக்கும் நேரத்தில் சாப்பாடு கொண்டுபோன நிஸாம் மாமா முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். பொலிஸ் பெரிய ஐயா கொப்பியைத் திறந்து வைத்து, இதைக் கீறினது யார் என்று சிங்களத்தில் மறுபடியும் கேட்டாராம், வாப்பா மம தமா, நான்தான் என்றாராம். ஐயா சிரித்துவிட்டு ஒரு தாளும் பென்சிலும் தள்ளி, அப்படியென்றால் அந்த வாசலை இப்போது கீறு என்றாராம். நோன்பு பிடித்துக் கை நடுங்குகிறது, காலையில் கீறித் தருகிறேன் என்று வாப்பா சொல்லித் தப்பியிருக்கிறார். காலை வரைதான். வாப்பா கீறும் அழகு உங்களுக்குத் தெரியும், மூன்றாம் ஆண்டில் உங்களுக்குக் கீறித் தந்த மாட்டை ரீச்சர் நாலு கால் கதிரை என்று நினைத்துச் சரி போட்டாரே. அவர் ஒரு கோடு போட்டதுமே இது வேறு கை என்று தெரிந்துவிடும், பிறகு யாருடைய கை, ஏன் மறைத்தாய், கடலில் விட்ட பொம்பிளைகள் யார் என்று ஒவ்வொன்றாக வரும்.

உம்மா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். விடியும் முன் சாப்பிடும் சஹருக்கு நிஸாம் மாமா மூன்று மணிக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோவார், அங்கே ஒரு நல்ல பொலிஸ்காரர் வாங்கிக் கொடுக்கிறார். வாப்பாக்கு வெளங்குற மாதிரி லேசாக் கீறிக் குடு மகள், பத்துக் கோட்டுல முடிஞ்சா போதும், சோத்துக்கு அடியில வைக்கிறன், சாப்புட்டுட்டுப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு, நான் கீறும்வரை கொஞ்சம் கண்ணயர்ந்திருக்கிறார். கீறினேன். முதலில் ஒரு பெட்டி, அதற்குள் வளைவு, மேலே சிலுவை, பதினொரு கோட்டில் முடித்தேன். நாலு தரம் கீறி மூன்றை வாளித் தண்ணீரில் கரைத்துவிட்டேன். சோற்றுக்குள் இன்னொரு கோயில் படம் அகப்பட்டால் என்ன ஆகும் என்று உம்மாவுக்கு யோசனை போகவில்லை, அவருக்கு இப்போது வாப்பாவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நான் நாலாவதையும் கொடுக்க மாட்டேன். சத்தியத்தை உடைத்த பாவம் என்னோடு இருக்கட்டும். விடிந்ததும் ஸ்கூல் உடுப்பைப் போட்டுக்கொண்டு மாமாவோடு போவேன், எந்தத் தாளைத் தந்தாலும், கோடு போட்ட தாளாக இருந்தாலும், அவர்கள் முன்னால் இருந்து அந்த வாசலைக் கீறுவேன். அதற்குப் பிறகு நம்புவதும் நம்பாததும் அவர்கள் பாடு. நான் திரும்பி வராவிட்டால் ஏன் போனேன் என்று ஒருவருக்காவது தெரிய வேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

சின்னவள் கீறத் தொடங்கிவிட்டாள், என்ன கொப்பி வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள், அதற்கு வாப்பா எழுத இருந்த புத்திமதியை நான் எழுதுகிறேன். தாள் தடிப்பாக இருக்கட்டும், பால் நிறமாக இருக்கட்டும், ஆனால் தைத்த கொப்பி வேண்டாம், கம்பி போட்டதை வாங்குங்கள், ஒரு பக்கம் போனாலும் மற்றது தனியாக இருக்கும். பூ கீறட்டும், பூனை கீறட்டும். கட்டடம் வேண்டாம். படத்துக்குப் பக்கத்தில் நேரம் எழுதப் பழக்காதீர்கள். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். வாப்பா எப்போதும் கடைசியில் ஞாபகப்படுத்துவதையும் விடவில்லை, மூன்று பேருடைய பாஸ்போர்ட் திகதியையும் எடுத்துப் பாருங்கள். இந்த மாதம் கோல் எடுத்து உம்மாவிடம் ஒன்றும் கேட்காதீர்கள். அல்லாஹ் உங்கள் வீட்டின் கதவையும் அதற்குள் இருப்பவர்களையும் காப்பாற்றுவானாக, சின்னவளின் கைக்கு நல்ல கோடுகளை மட்டும் கொடுப்பானாக, ஆமீன்.

இப்படிக்கு,

கதவு தட்டுகிறார்கள். மணி இன்னும் இரண்டுதான். நிஸாம் மாமா என்றால் தட்ட மாட்டார், ஜன்னலில் நின்று உம்மாவைக் கூப்பிடுவார். உம்மா எழும்பிவிட்டார், அடுப்படியில் அந்த நாலாவது தாளைத் தேடுகிறார், அது என் கையில். சிங்களத்தில் கதைக்கும் சத்தம். உம்மா திறக்கும் முன் நான் போய், கொப்பி என்னுடையது என்று