பசிக்காமல் அமத்திய பொத்தான்

என் வாயாடி அண்ணா,

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு முன்னறைத் தரையில் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். உன் பஸ் வந்தது. றோட்டால் இல்லை, பெரியகல்லாற்று வாவிக்கு மேலால், தண்ணீரில் ஒரு சுழிப்பும் விழாமல் மெதுவாக வந்தது. நீ மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வாயை அசைக்கிறாய், ஒரு சத்தமும் இல்லை. கனவிலும் என் தொழில் புத்தி போகவில்லை. சத்தம் கூட்டும் பொத்தானைத் தண்ணீருக்குள் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தேன்.

எழும்பியபோது வாவியில் பட்ட வெயில் முகட்டில் நெளிந்துகொண்டிருந்தது. நீ கிடந்த கட்டில் அதே இடத்தில்தான் இருக்கிறது. உன் மனைவி, என் மச்சாள், அதை எடுக்க விடுகிறாள் இல்லை.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே போன் திரைகளை வடிவமைக்கிறேன் என்று முதன்முதல் சொன்ன நாள் ஞாபகமா? "என்ன கா, பட்டன் வைக்கிறதுக்கும் சம்பளமா? எங்கட பஸ்ஸில ஒரே ஒரு மணிதான். அடிச்சா நிக்கும். வேறென்ன வேணும்?" என்றாய். இரண்டு வயது மூத்தவன் என்ற எண்ணம் உனக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விரலுக்கு ஏற்ற அளவு, பெருவிரல் எட்டும் இடம், ஆட்கள் பேசும் சொல், அமத்தியவுடன் ஏதாவது நடந்து 'கேட்டது' என்று காட்டுவது என்று அரை மணித்தியாலம் பாடம் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதான் மணி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாய்.

பிறகு பாரிசவாதம் வந்து உன் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் கொண்டுபோனது. கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி, களுதாவளை, களுவாஞ்சிகுடி என்று ஒரே மூச்சில் சொல்லிச் சனத்தை ஏற்றிய கொண்டக்டர், ஒரு 'ஓம்' சொல்ல முடியாமல் கிடந்தாய். எழுத்தும் உனக்குப் பிடிபடவில்லை. என்ன வேண்டும் என்று தெரியாமல் மச்சாளும் நானும் உன் கண்ணைக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஒரு கிழமை லீவு போட்டு, உனக்காகப் பேசும் போன் திரை ஒன்று செய்தேன். இடது கை நடுங்கும் என்பதால் பெரிய பொத்தான்கள், ஒரு திரைக்கு நாலுதான். தண்ணி, பசி, நோகுது, வெளிக்குப் போகணும். இணையத்தில் எடுத்த கிளாஸ் படத்தைப் போட்டபோது நீ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. நம் வீட்டுக் காது உடைந்த கப்பைப் படமெடுத்துப் போட்டதும் விரல் போனது. "தண்ணி வேணும்" என்று போன் என் குரலில் சொல்ல, நீ அரை வாயால் சிரித்தாய். ஆம்பிளைக்குப் பொம்பிளைக் குரலா என்ற சிரிப்புத்தானே அது?

அடுத்த நாள் பசி தொடங்கியது. நீ பசியை அமத்துவாய், மச்சாள் கஞ்சி கொண்டு வருவாள், ரெண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொள்வாய். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பசி. மச்சாள் களைத்துப்போனாள். "உன்ட போன் பிழை போல கா. மனிசன் பசி பசி எண்டு அமத்துறார், வாய்க்குள்ள ஒண்டும் போகுதில்ல."

எனக்கு ரோசம். நடுங்கும் விரல் தவறிப் படுகிறது என்று நினைத்து இடைவெளியைக் கூட்டினேன். பசியைத் தூக்கி மேல் மூலையில் வைத்தேன். உன் விரல் அங்கேயும் ஏறிப் போனது.

மூன்றாம் நாள் கம்பியூட்டரை மூடிவிட்டு நிலைப்படியில் இருந்து சும்மா பார்த்தேன். தண்ணி கேட்டால் மச்சாள் பருக்கிவிட்டுப் போய்விடுவாள். நோகுது என்றால் குளிசை தந்துவிட்டுப் போய்விடுவாள். கஞ்சி என்றால் மட்டும் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பாள், ஊதி ஊதித் தருவாள், வாயைத் துடைப்பாள், அக்கம்பக்கத்து ஒழுங்கைக் கதையெல்லாம் சொல்லுவாள். கஞ்சி முடிந்தால் எழும்பிவிடுவாள் என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டாய். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன் அண்ணா. திரையைப் பாவிக்கப்போகும் ஆளின் பக்கத்தில் இருந்து பார்க்காமல் ஒரு கோடும் கீறக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான்.

அன்று பின்னேரமே புதுத் திரை செய்தேன். மச்சாளின் முகம் ஒன்று, என் முகம் ஒன்று. அமத்தினால் அவரவரைக் கூப்பிட்டு, "கிட்ட வந்து இரி" என்னும். "இதுக்கும் பட்டனா?" என்று கேட்ட மச்சாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நீ அவள் முகத்தை அமத்தினாய். வெறும் கையோடு வந்து இருந்தாள்.

அடுத்த கிழமை நான் என் அறை மேசையில் கம்பனியின் ஒன்லைன் கூட்டத்தில் இருந்தேன், காதில் கருவி. "தங்கச்சி, கிட்ட வந்து இரி" என்று முன்னறையிலிருந்து என் குரலே என்னைக் கூப்பிட்டது. "அஞ்சு நிமிசம் அண்ணா" என்றேன். ஒரு பொத்தான் நீலமா பச்சையா என்று கொழும்பில் சண்டை. நானும் விடவில்லை. முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. வந்து பார்த்தபோது என் முகத்தின் மேல் விரலை வைத்தபடி நீ தூங்கிப்போயிருந்தாய்.

அதற்குப் பிறகு பதினேழு நாள் இருந்தாய். மச்சாளை எத்தனையோ தரம் கூப்பிட்டாய். என்னைக் கூப்பிடவே இல்லை. ஒருதரம் அமத்தி ஒன்றும் நடக்காவிட்டால் ஆட்கள் திரும்ப அமத்தமாட்டார்கள் என்று வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான்தான் சொல்லிக்கொடுப்பது.

நானாகவே ஒவ்வொரு மத்தியானமும் வந்து இருந்தேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய், முகத்தில் ஒரு கோபமும் இல்லை. கோபமா அண்ணா? இல்லை, பிள்ளைக்கு வேலை இரிக்கு என்று விட்டுத் தந்தாயா? அதைச் சொல்ல உனக்கு நான் ஒரு பொத்தானும் வைக்கவில்லையே.

இங்கத்தைய புதினம் கேள். உன் இடத்துக்கு வந்தவன் 'களுவாஞ்சி' என்று பாதியோடு விட்டுவிடுகிறான், நீ இருந்தால் ஏசியிருப்பாய். போன கிழமை உனக்குச் செய்த திரைகளைக் கேள்விப்பட்டுப் பனிச்சங்கேணியில் இருந்து ஒரு தையல்காரப் பெண் போன் எடுத்தாள். அவளுடைய அம்மாவுக்கும் உன்னைப் போலவே பேச்சு நின்றுவிட்டது. பஸ் ஏறிப் போய், மடியில் கம்பியூட்டரைத் திறக்காமல் ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். மகள் அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருந்தாள். மெஷின் சத்தம் நிற்கும்போதெல்லாம் அம்மா கதவைப் பார்த்தார்.

முதலில் மகளின் முகத்தை வைத்தேன். "இத அமத்தினா உடன வரணும் பிள்ளை. பட்டன் செய்யிறதுதான் நான், வாறது நீங்க" என்றேன்.

"வேலை நேரத்தில வரேலாட்டி?" என்று கேட்டாள்.

உன் கதையைச் சொன்னேன். அவள் எழும்பிப் போய்த் தையல் மெஷினைக் கரகரவென்று இழுத்துவந்து அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை அண்ணா. என் மேசையும் நாலு கால் மேசைதானே, உன் கட்டிலடிக்கு வராதா? இனி என்னை யார் கூப்பிட்டாலும் அஞ்சு நிமிசம் என்று சொல்லமாட்டேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

முக்கால் மணித்தியாலம் பிந்தி வந்த
உன் தங்கச்சி