அச்சில் வராத பெட்டி

மச்சான்,

பிரிண்டர் துப்பிய தாள் இன்னும் சூடாக என் கையில் இருக்கிறது. படகு இன்ஜின் வாஷர், சீல் பெயரெல்லாம் வரிசையாக வந்துவிட்டது. பக்கத்தில் படம் இருக்க வேண்டிய கட்டங்கள் மட்டும் வெறும் வெள்ளை.

எதிரில் நம் கடைக்கு வழக்கமாக வரும் மீனவர், பனித்திட்டுக்காரர். "இன்னாண்ணா, படத்தையே காணோம்? பேர வச்சிக்கினு நான் இன்னா பண்றது? இன்ஜின் பிரிச்சுப் போட்டு கெடக்குது. தப்பு சீல் வந்தா இன்னொரு வாரம் கடலுக்குப் போவ முடியாது."

படங்களை நிஜ அளவில் அச்சடிக்கலாம் என்பது உன் யோசனைதானே. கரையில் மீனவர்கள் தேய்ந்த ரப்பர் சீலைக் கழற்றி, தாளில் உள்ள படத்தின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால் வட்டம் போடுவார்கள். அவசரத்தில் நான் ஒருமுறை பக்கத்துக்குள் அடங்கும்படி சுருக்கி எடுத்துவிட்டேன். நீ தாளைப் பிடுங்கிக் கிழித்தாய். "நீ சுருக்கினா சாமானும் சுருங்குமாடா? திரைய நம்பாத மச்சான், பிரிவ்யூ பாரு!"

எனக்கென்று நீ இந்தப் பட்டியல் இருக்கும் எக்செல் ஷீட்டிலேயே பெட்டி போட்டுக் குறிப்பு எழுதுவாய். இதே மனுஷரைப் பற்றி, "இந்த ஆளுக்கு டீ சொல்லாத, எழுந்திரிக்க மாட்டான்" என்று எழுதியது தாளிலும் அச்சாகி அவர் கைக்கே போனது. "என்னப் பத்தி நோட்டீஸா போட்டுக்கீற?" என்று அவர் வந்து நின்றபோது நீயே ஓடிப்போய் டீ வாங்கி வந்தாய். அன்றைக்குத்தான் பெட்டியின் அமைப்புக்குள் புகுந்து, அச்சிடு என்ற இடத்தில் இருந்த டிக்கை எடுத்தாய். பிறகு உன் குறிப்புகள் திரையோடு நின்றன.

இப்போது இங்க் பார்த்தேன். படங்களை விட்டுவிடும் டிராஃப்ட் முறையில் இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. பிறகுதான் உறைத்தது. நேற்று படங்களை இடம் மாற்ற எல்லாவற்றையும் மவுஸில் ஒன்றாகப் பிடித்தேன். உன் கடைசிப் பெட்டியும் அதில் இருந்தது. அது யார் கைக்கும் போய்விடக் கூடாதென்று, அச்சிடு என்பதில் இருந்த டிக்கை எடுத்தேன். படங்கள் எல்லாவற்றுக்கும் சேர்ந்து போயிருக்கிறது. உன் பெட்டிக்கு நீயே எப்போதோ எடுத்து வைத்திருப்பாய். நேற்று எனக்கு அது தோன்றவில்லை.

படங்களை மட்டும் பிடித்து டிக் போட்டேன். பிரிவ்யூ பார்த்தேன். நூற்றுக்கு நூறு அளவு. தாள் வந்ததும் பனித்திட்டுக்காரர் பையிலிருந்து பழைய சீலை எடுத்துப் படத்தின்மேல் வைத்தார். விளிம்போடு விளிம்பு உட்கார்ந்தது.

"அவரு இருந்தா ஒரு டீ கெடச்சிருக்கும்," என்றார்.

டீ சொன்னேன். இரண்டு. நீ எழுதியது பொய்யில்லை, அவர் எழுந்திரிக்க அரை மணி நேரமாயிற்று.

அவர் போன பிறகும் திரையின் ஓரத்தில் உன் பெட்டி இருந்தது. "மொதல்ல சாப்டு. அப்பறம் பிரிண்ட் எடு." நீ கண்ணை மூடி ஆறு மாதம் ஆகிறது. ஷீட்டை எத்தனை முறை மாற்றினாலும் அதை மட்டும் நான் அழிக்கவில்லை.

மணி மூன்றேகால். டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன், மச்சான்.