சாப்பாடு இல்லாத ஆறு வாரம்

இன்று காலை பொடி டப்பாவைத் திறந்தேன். சத்து மாத்திரை பாட்டிலை வெகுநாள் மூடி வைத்துத் திறந்தால் ஒரு வாடை வருமே, அதேதான். கரண்டியால் அளந்து தண்ணீரில் போட்டுக் கலக்கும்போது, ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கும் என் அடுப்படி மறைந்து பாரிவாக்கத்து உன் அடுப்படி வந்துவிட்டது. ஜன்னலோரம் நீ கவிழ்த்து வைத்திருக்கும் பச்சை பிளாஸ்டிக் டம்ளர், மூடியில் ஸ்ட்ரா செருகியது, அது இப்போது என்னிடம் இருக்கிறது. உன் வீட்டுக்காரர் கொடுத்தார். மூன்று வருடமாகப் பரணில் கிடந்ததை நேற்று இறக்கிக் கழுவினேன். அதில்தான் ஊற்றி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறேன்.

ஆமாம், கடைசியில் எனக்கும் இந்தப் பொடி வந்துவிட்டது. சிறுகுடல் முடிகிற இடத்தில் வீக்கம் அதிகமாகி வழி குறுகியிருக்கிறதாம். ஆறு வாரம் இந்தப் பொடித் தண்ணீர் மட்டும், பல்லில் படுகிற மாதிரி எதுவும் கூடாது என்றார் டாக்டர். சாப்பாட்டைக் குடல் எப்படிக் கடைசியில் உடைத்து எடுத்துக்கொள்ளுமோ, அப்படி முன்கூட்டியே உடைத்து வைத்த பொடி. குடலுக்கு வேலை இருக்காது, ஓய்வு கிடைக்கும், வீக்கம் வடியலாம். வடியாவிட்டால் என்று அவர் ஆரம்பித்ததும் என் காது அடைத்துக்கொண்டது. அதற்கப்புறம் வருகிற வார்த்தை எனக்குத் தெரியும். அந்த வார்த்தைக்குள் போன நீ வீட்டுக்குத் திரும்பி வரவில்லை.

நாம் முதலில் சந்தித்தது குழாய் விட்டுப் பார்க்கும் அறைக்கு வெளியே, முகப்பேர் பக்கத்து ஆஸ்பத்திரி பெஞ்சில். இரண்டு பேரும் வெறும் வயிறு. நான் முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தேன். நீ என் ஊரைக் கேட்டாய், சொன்னேன். அன்றிலிருந்து என் பெயரையே எடுத்துவிட்டு ஊர்ப் பெயரை வைத்துவிட்டாய்.

"இன்னா திண்டுக்கல்லு, பயந்துகினு கீறியா?"

இல்லை என்றேன். முந்தானையைப் பார்த்துச் சிரித்தாய். ஒரே வியாதி, ஒரே டாக்டர், உள்ளே போய் வந்ததும் ஒரே அரை மயக்கம். எனக்கு லேசாக இருந்தது, உனக்கு முற்றியிருந்தது. ஆனால் பயந்தவள் நான்தான் என்று இரண்டு பேருமே முடிவு செய்துகொண்டோம்.

உனக்கு இந்தப் பொடியை எழுதிக் கொடுத்தபோது தவக்காலம் நெருங்கிவிட்டது. எப்படியும் நோன்புதானே, ஆண்டவர் கணக்கிலேயே போகட்டும் என்று சாம்பல் புதனன்று ஆரம்பித்தாய். முதல் நாள் செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? கஷாயம் குடிக்கிற மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, அன்று முழுக்கக் கழிவறையை விட்டு வெளியே வரவில்லை. இதை வாய் வாயாக, ஒரு டம்ளருக்கு ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்க வேண்டும் என்று உணவு ஆலோசகர் போனில் சொன்ன பிறகுதான் இந்த ஸ்ட்ரா டம்ளர் வாங்கினாய். குளிர வைத்தால் வாடை பாதியாகிறது என்பதையும் நீயே கண்டுபிடித்தாய். நானும் இன்று குளிர வைத்திருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் பூந்தமல்லி பஸ் பிடித்து உன்னைப் பார்க்க வருவேன். பஸ் ஏறும் முன்பே சாப்பிட்டு, வாயைக் கொப்பளித்து, புடவையில் தாளித்த வாசனை இருக்கிறதா என்று மோந்து பார்த்துவிட்டு வருவேன். நீ கதவைத் திறந்ததும் முதல் கேள்வி, இன்று என்ன சமையல் என்பதுதான். சொல்லமாட்டேன் என்பேன். கத்தரிக்காயா, கருவாடா என்று பிடுங்குவாய். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். மூன்றாவது வாரம் வயிற்றுவலி குறைந்தது, முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. எனக்கு நம்பிக்கையும் வந்தது.

நான்காவது வாரம், சர்ச்சில் பூசைக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டாய். எனக்குக் கோயில் பழக்கம் வேறு, கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் வரிசையில் போனார்கள், நீயும் போனாய். சாமியார் கொடுக்கும் அப்பத்தை, நன்மை என்பீர்களே, அதை வாங்கினாய். நாக்கை நீட்டியதையும், அந்த வெள்ளை வட்டம் உள்ளே போனதையும் நான் பார்த்தேன். அது கோதுமை என்று எனக்குத் தெரியும். வெளியே வந்ததும் கேட்டேன்.

"அது சாப்பாடா இன்னா?" என்றாய். "அது ஆண்டவருடி."

தவக்காலம் தொடங்கியதிலிருந்து தினமும் சாயங்காலப் பூசைக்குப் போகிறாய் என்பது அப்போதுதான் தெரிந்தது. வேறு ஏதாவது வாயில் போட்டீர்களா என்று வாரா வாரம் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இல்லை என்றுதான் நீ சொன்னாய். பொய் சொல்லவில்லை. உன் மனசில் அது சாப்பாட்டுக் கணக்கில் வரவே இல்லை. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் வாயில் வந்தது, விழுங்கிவிட்டேன். வேற்று மதத்துக்காரி, எனக்கு என்ன உரிமை என்று நினைத்தேன். சொன்னால் நீ என்னோடு பேசமாட்டாய் என்றும் நினைத்தேன். உண்மையில் இரண்டாவதுதான் காரணம்.

ஆறு வாரம் முடிந்தது. ஈஸ்டர் கழித்து எடுத்த ஸ்கேனில் எதிர்பார்த்த அளவுக்கு வழி திறக்கவில்லை. அறுத்து எடுத்துவிடலாம் என்றார்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வார்டுக்கு வந்தேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாய். என் கையைப் பிடித்து, அதுவரை நான் உன்னிடம் கேட்டிராத குரலில் பேசினாய்.

"பயமா கீது, திண்டுக்கல்லு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒன்றுமில்லை, சும்மா இரு என்றேன். உன் கையைத் தட்டிக்கொடுத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தும் வந்துவிட்டேன். உண்மை என்னவென்றால், உன்னை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. நீயே பயந்தால் நான் எங்கே போய் நிற்பேன்? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஐந்தாம் நாள் உள்ளே சீழ் பிடித்தது. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

இந்த மூன்று வருடமும் அந்த வெள்ளை வட்டம்தான் என் தொண்டையில் நின்றது. நான் வாயைத் திறந்திருந்தால் இன்னும் இரண்டு வாரம் பொடியிலேயே வைத்துப் பார்த்திருப்பார்களோ, கத்தி தேவைப்பட்டிருக்காதோ என்று. போன வாரம் உணவு ஆலோசகரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அதே பெண்தான், உன்னை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். அந்த அளவு கோதுமையால் இப்படி ஆகியிருக்காது, உன் குடலில் இருந்தது பழைய தழும்பு, பொடி வீக்கத்தைத்தான் வடிக்கும், தழும்பை இளக்காது என்றாள். எனக்கு அழுகை வந்தது. ஆறுதலா, வேறு எதுவா என்று தெரியவில்லை. சொல்லியிருந்தால் நாங்கள் தடுத்திருக்கமாட்டோம், தெரிந்து வைத்திருப்போம், அவ்வளவுதான் என்றும் சொன்னாள்.

பிறகு என்னைக் கேட்டாள், சாப்பாடு என்று நினைக்காமல் நீங்கள் எதையெல்லாம் வாயில் போடுவீர்கள் என்று. கோயில் தீர்த்தம், துளசி, கல்கண்டு என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். இவ்வளவுதான் என்று நானும் உறுதியாகச் சொன்னேன்.

இதை எழுதிக்கொண்டே பச்சை டம்ளரில் பாதி குடித்துவிட்டேன். நடுவில் ஒருமுறை எழுந்து போனேன். என் வீட்டுக்காரருக்கு இன்று இரண்டாவது ஷிப்ட், கேரியர் கட்ட வேண்டும். சாம்பார் கொதித்து இறக்கும் பதம் வந்ததும் கரண்டியைச் சாய்த்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டேன். இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன், கை தானாகச் செய்கிறது. உள்ளங்கை உதடு வரைக்கும் வந்துவிட்டது. நாக்கைக்கூட நீட்டிவிட்டேன். அப்போதுதான் பூசையில் நீ நாக்கை நீட்டி நின்றது கண்ணில் வந்தது. உப்புப் பார்ப்பதை நான் உணவு ஆலோசகரிடம் சொல்லவே இல்லை. எனக்கு அது சாப்பாடு இல்லையே. தினமும் மூன்று வேளை, ஆறு வாரமும் நக்கிவிட்டு, வாயில் எதுவும் படவில்லை என்று சத்தியம் செய்திருப்பேன்.

கையைக் கழுவினேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடிவந்து என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று வாய் வரை வந்துவிட்டது. அன்று உனக்குச் சொன்ன அதே ஒன்றுமில்லை. அதை விழுங்கினேன். சாம்பாரில் உப்புப் பார்க்கச் சொன்னேன். இவருக்கு அது தெரியாது, ஒரு கரண்டி முழுக்கக் குடித்துவிட்டு, சரியாத்தான் இருக்கு என்றார். இருக்காது, எனக்குத் தெரியும். ஆறு வாரம் இந்த வீட்டில் உப்பு முன்னே பின்னேதான் இருக்கும்.

பிறகு உணவு ஆலோசகருக்குப் போன் போட்டு, உப்புப் பார்ப்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். சிரித்தாள், எழுதிக்கொண்டாள். வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டாள். இருந்தது. ஆனால் அது முதலில் உனக்குச் சேர வேண்டியது. மூன்று வருடம் முன்பு அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில், உன் கையைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டியது. அவளிடம் போனில் சொன்னேன். உன் பேச்சிலேதான் வந்தது.

"எனக்கும் பயமாத்தான் கீது."